சிவப்பு வெளிச்சத்தில் தெரிந்த மாயவரம் ஜங்ஷன்

டெல்டா ஊர் ஒன்றில் மூடிப் பல ஆண்டுகளாகிவிட்ட ஸ்டுடியோவின் கண்ணாடி நெகட்டிவ்களைப் படியெடுத்து வருகிறேன். அவற்றுள் நீண்ட காலமாக என்னைப் படாதபாடு படுத்திய ரயில் நிலையத் தகடு ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. ஆறரைக்கு எட்டரை அங்குல முழுத்தகடு அது. அதில் வண்டி ஒன்று நிற்கிறது. அதையொட்டிக் கூரை போட்ட நடைமேடை. கூரை நிழலில் ஆட்கள் இருப்பது மட்டும் தெரியுமே தவிர, ஒரு முகமும் பிடிபடாது. நடைமேடைக் கோடியில் வெயிலில் நிற்கும் பெயர்ப்பலகையோ, வெளிச்சமும் இருளும் தலைகீழாக விழும் நெகட்டிவில் வெறும் கரிய கட்டமாக அடைத்துக் கிடந்தது. இப்போது பலகையைப் படிக்கவும் முடிகிறது, முகங்களைப் பார்க்கவும் முடிகிறது. முகங்கள் கிடைத்த வழியைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்; பழைய ஸ்டுடியோத் தகடுகளோடு மல்லுக்கட்டும் எவருக்கும் அது ஒருநாள் கைகொடுக்கும்.

தூசி நீக்குவது, வெள்ளிப் படிமம் உள்ள பூச்சுப் பக்கத்தைக் கண்டுகொள்வது, லென்ஸுக்கு நேர்கீழே முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை வைத்துக் கேமராவைச் சமன் செய்வது ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். நான் பூச்சுப் பக்கத்தை மேல்நோக்கி வைத்துப் படமெடுத்து, பிறகு கணினியில் இடவலமாகத் திருப்பிக்கொள்கிறேன். கண்ணாடியின் ஊடாகப் பார்ப்பதைவிட நேரடியாக வெள்ளித் துகளின் மீது ஃபோகஸ் செய்வதே தெளிவைத் தருகிறது. எழுத்து எதுவும் இல்லாத ஆளுருவப் படங்களில் இடவலத்தைத் தீர்மானிக்கச் சேலைத் தலைப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்று இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். மடிசார் கட்டில் ஐயர் வீட்டுப் பெண்களுக்குத் தலைப்பு வலத்தோளிலும், ஐயங்கார் வீட்டுப் பெண்களுக்கு இடத்தோளிலும் வரும். ஆண்களின் பூணூலும் சட்டைப் பொத்தானும் அதைவிட நம்பத்தக்க சாட்சிகள்.

இனி அந்தக் கூரை நிழலுக்கு வருகிறேன். வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியபோதெல்லாம், நிழலில் நின்ற ஆட்களின் மீது திட்டுத் திட்டாக ஏதோ பூசியதுபோல ஒரு மங்கல் படிந்திருந்தது. பூஞ்சையாக இருக்கலாம் என்று நண்பர்கள் சிலர் கருதினார்கள். தகட்டைச் சாய்த்துப் பிடித்து லூப் என்னும் உருப்பெருக்கி வழியாகப் பார்த்தால், அந்தத் திட்டுகளின் ஓரங்களில் தூரிகை இழுத்த தடம் தெளிவாக இருந்தது, அதுவும் இளஞ்சிவப்பு நிறத்தில். அது அந்தக் கால ஸ்டுடியோக்காரர் தம் கையால் பூசிய காக்சின் போன்ற சிவப்புச் சாயம். அந்நாளைய அச்சுத்தாள்கள் நீல ஒளிக்கும் புற ஊதா ஒளிக்கும் மட்டுமே கறுத்தன. சிவப்பு அவற்றை ஒன்றும் செய்யாது. நெகட்டிவில் நிழல் விழுந்த பகுதி ஏறக்குறைய வெறும் கண்ணாடியாக இருப்பதால், அப்படியே அச்சிட்டால் அந்த இடம் முழுவதும் கரியாகிவிடும். அதைத் தடுக்க அவ்விடத்தில் மெல்லிய சிவப்புச் சாயத்தைப் பூசி நீல ஒளியைக் குறைத்துவிடுவார்கள். நிழலில் இருப்பவை அச்சில் ஓரளவு துலங்கும். இருட்டறை வேலை பழகியவர்கள் கையை ஆட்டி நிழல் பிடிக்கும் வேலையை இவர்கள் தகட்டின் மீதே நிரந்தரமாகச் செய்துவைத்தார்கள்.

காரணம் தெரிந்த பிறகு தீர்வு எளிதாகக் கண்ணில் பட்டது. நீல ஒளியைத் தடுக்கும் சாயம் சிவப்பு ஒளியைத் தடுக்காது. கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பிலிருந்து சிவப்பு ஒளியின் பதிவான சிவப்புச் சேனலை மட்டும் பிரித்தெடுத்தால் தூரிகைத் தடம் மறைந்து, அடியில் இருக்கும் வெள்ளிப் படிமம் மட்டும் நிற்க வேண்டும். அப்படியே நின்றது. ஆனால் அச்சேனலில் நுணுக்கம் போதவில்லை. சாதாரண கேமரா சென்சாரில் நான்கு பிக்ஸலுக்கு ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கிறது. மற்றவை ஊகித்து நிரப்பப்படுபவை. போதாக்குறைக்கு தகட்டுக்கு அடியில் நான் வைக்கும் ஒளிப்பலகையான லைட் பேடின் வெள்ளை எல்.இ.டி. ஆழ்ந்த சிவப்பில் மிகவும் பலவீனமானது. நிழல் பகுதியில் மணல் தூவியதுபோல இரைச்சல் ஏறி, முகங்கள் மீண்டும் கரைந்துபோயின.

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், நிறம் மாற்றக்கூடிய எல்.இ.டி. பேனல் ஒன்றை இரவல் கொடுத்தார். அதைத் தூய சிவப்பில் வைத்து, மேலே பால்நிற அக்ரிலிக் தகடு ஒன்றை இடைவெளி விட்டு நிறுத்தினேன். அதற்கும் சற்று மேலே நான்கு மூலைகளிலும் கட்டைகள் கொடுத்து நெகட்டிவை உட்கார்த்தி, சுற்றிலும் கறுப்பு அட்டையால் அடைத்தேன். அக்ரிலிக்கை ஒளிப்படக் கடைகளில் தேடி அலைய வேண்டாம். கடைப் பெயர்ப்பலகை செய்பவர்களிடம் கேட்டால் வெட்டிய மிச்சத் துண்டுகளே போதுமான அளவில் கிடைக்கும். வெள்ளை வெளிச்சத்தில் செய்த ஃபோகஸ் சிவப்பில் செல்லாது. மிகச் சிறிய வேறுபாடுதான் என்றாலும், ஒன்றுக்கு ஒன்று பெருக்கத்தில் அதுவே முகத்தைக் கெடுக்கப் போதும். ஆகவே சிவப்பைப் போட்ட பிறகே, திரையில் முழுவதும் பெரிதாக்கி, வெள்ளித் துகள் கூர்மையாகும் வரை கையால் திருப்ப வேண்டும். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு விநாடி வெளிச்சம், ஷட்டர் அழுத்திய பிறகு சற்று நேரம் கழித்துத் திறக்கும் அமைப்பு ஆகியவற்றோடு, நடைமேடைப் பகுதியை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு கட்டங்களாக எடுத்து ஒட்டினேன். பெருக்கம் கூடியதால் நான்கில் ஒரு பங்கு பிக்ஸலே போதுமானதாகிவிட்டது. வளர்ப்பான் கரைசல் விட்டுச்சென்ற மஞ்சள் கறைகளும் சிவப்பு வெளிச்சத்தில் காணாமற்போனதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்தது.

லைட் பேடைப் பற்றிய என் மனக்குறையையும் இங்கே பதிவு செய்கிறேன். இணையத்தில் வாங்கிய அந்தப் பேடு ‘சிமிட்டல் அற்றது’ என்று விற்கப்பட்டது. வெளிச்சத்தைக் குறைத்து வைத்த உடனே, படம் முழுவதும் குறுக்குப் பட்டைகள் விழுந்தன. விளக்கை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றித்தான் மலிவான பேடுகள் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. முழு வெளிச்சத்தில் வைத்து நீண்ட நேரம் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. விற்றவரிடமிருந்து இதுவரை ஒரு வரிப் பதிலும் வரவில்லை. வாங்குமுன் கைப்பேசிக் கேமராவில் அதிவேக ஷட்டர் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

சாயத்தைத் துடைத்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கூடவே கூடாது. நீர் பட்டால் ஜெலட்டின் ஊதும். நூறாண்டு காய்ந்த பூச்சு ஓரங்களில் சுருங்கி உரிந்துவிடும். மேலும் அந்தச் சாயப் பூச்சு ஒளிப்படக்காரரின் தீர்ப்பு. நீலச் சேனலில் எடுத்த பதிவு, அந்நாளைய அச்சுத்தாள் இந்தத் தகட்டை எப்படிப் பார்த்திருக்கும் என்பதை ஏறத்தாழக் காட்டுகிறது. சிவப்புப் பதிவு, லென்ஸின் முன்னால் என்ன இருந்தது என்பதைக் காட்டுகிறது. ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டையும் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்வதையே இனி வழக்கமாக்கப்போகிறேன். முகங்களின் மீது பென்சிலால் செய்த நுண்ணிய திருத்தங்களையும் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடும் அவலம் பல வீடுகளில் நடக்கிறது. தகடுகளை வைத்திருப்பவர்களிடம் இதைத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

பெயர்ப்பலகை வேறொரு வழியில் கிடைத்தது. அதன் நீளம் தகட்டில் 14 மில்லிமீட்டர்தான். வெயில் பட்ட வெள்ளைப் பலகை என்பதால் நெகட்டிவில் அடர்த்தி மிக அதிகம். கறுப்பு அட்டையில் பலகை அளவுக்கு மட்டும் சாளரம் வெட்டித் தகட்டின் அடியில் பொருத்தி, மற்றப் பகுதிகளுக்குக் கொடுத்ததைப் போல் 16 மடங்கு வெளிச்சம் கொடுத்ததும் ஆங்கில எழுத்துகள் எழும்பின: மாயவரம் ஜங்ஷன். சாளரம் இல்லாமல் அவ்வளவு வெளிச்சம் கொடுத்தால் சுற்றியுள்ள தெளிந்த கண்ணாடியிலிருந்து சிதறும் ஒளியே எழுத்தை விழுங்கிவிடும்.

‘ஜங்ஷன்’ என்ற அந்தச் சொல் கிடைத்தது பெரும்பேறு. இன்றைய மயிலாடுதுறைக்குச் சென்னைப் பக்கமிருந்து தென்னிந்திய ரயில்வேயின் பிரதானப் பாதை 1870களின் இறுதியை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து முத்துப்பேட்டைக்குத் தஞ்சை மாவட்ட போர்டு ரயில்பாதை 1894இல் திறக்கப்பட்ட பிறகே அது சந்திப்பாயிற்று. ஆகவே படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பெட்டியின் பக்கவாட்டில் தென்னிந்திய ரயில்வேயைக் குறிக்கும் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்துகள் உள்ளன. அந்த நிறுவனம் 1874இல் இரண்டு பழைய கம்பெனிகள் இணைந்து உருவானது. அதன் பெயர் 1951இல் தெற்கு ரயில்வே அமைந்ததோடு முடிந்தது. பெட்டியின் முகப்பில் நடுவே, மோதலைத் தாங்கும் முட்டான பஃபர் ஒன்று மட்டும் இருப்பது மீட்டர் பாதையை உறுதிசெய்கிறது. அகலப் பாதைப் பெட்டிகளுக்கு இருபுறமும் இரண்டு பஃபர்கள் இருக்கும். டெல்டாவின் நிலையங்களைக் காட்டும் பழைய படம் எதிலாவது இரட்டை பஃபர் தென்பட்டால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாதுகாக்க வேண்டும்; ஏனெனில் நாகப்பட்டினம்–திருச்சி பாதை 1860களில் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டு, 1870களிலேயே மீட்டர் பாதையாக மாற்றப்பட்டுவிட்டது. தகடு இருந்த இல்போர்டு கம்பெனித் தகட்டுப் பெட்டியைக் காலக்கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் காலிப் பெட்டிகளை எறியமாட்டார்கள். எந்தப் பெட்டியில் எந்தத் தகடு இருக்கும் என்று சொல்லவே முடியாது.

இத்தனையும் செய்ததற்குக் கிடைத்த கூலி அந்தக் கூரை நிழலில் இருக்கிறது. படுக்கைச் சுருணை மீது மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தொங்கும் காதில் பாம்படம் கிடக்கிறது. பாம்படம் தென்மாவட்டங்களில் மிகுதியாக அணியப்பட்டது என்பதையும், தூத்துக்குடி–சென்னைப் பாதையில்தான் மாயவரம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் தெற்கிலிருந்து வந்த பயணியாக இருக்கக்கூடும். ஐப்பசியில் மாயவரத்துக் காவிரியில் நடக்கும் துலா நீராட்டுக்கு வந்தவரோ என்றும் மனம் ஓடுகிறது. அதற்குச் சான்று இல்லை. அவர் முழங்காலைப் பற்றியபடி ஒரு சிறுவன் கேமராவையே பார்க்கிறான். அவன் அசைந்ததால் ஒரு கை மட்டும் இழுபட்டிருக்கிறது. பின்னால் கை விளக்கோடு ஒரு ரயில்வே ஊழியர் நிற்கிறார். அவருடைய தலைப்பாகை கன்னங்கரேலென்று விழுந்திருப்பதால் அது கறுப்பு என்று எழுதிவிடக் கூடாது. அந்நாளைய சாதாரணத் தகடுகள் சிவப்பைக் காணாதவை, எனவே சிவப்புத் துணியும் குங்குமமும் அவற்றில் கறுப்பாகவே விழும். ஒளிப்படக்காரர் வண்டியை எடுக்கத்தான் கேமராவை நிறுத்தியிருப்பார் என்றாலும், நிழலில் இருந்தவர்களும் அச்சில் தெரிய வேண்டும் என்று நினைத்து நுண்தூரிகையால் சாயம் பூசியிருக்கிறார். அந்த அக்கறைக்காகவே அவர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

இதே கட்டில் சாப்பாட்டு அறை வாசலைக் காட்டும் அரைத்தகடு ஒன்றும் இருக்கிறது. வாசலுக்கு மேல் உள்ள பலகையில் சிவப்புச் சாயம் கனமாக ஏறியிருக்கிறது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்க்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய முறை 1941இல்தான் நீங்கியது. அந்தப் பலகையில் எழுதியிருப்பது அத்தகைய அறிவிப்பு என்றால், படத்தின் காலத்துக்கு ஒரு மேல்வரம்பு கிடைத்துவிடும். அடுத்து அதைத்தான் கையில் எடுக்கப்போகிறேன். பெட்டிகளின் அமைப்பைக் கொண்டு மாயவரம் தகட்டின் காலத்தை நெருக்கிப் பிடிக்க, திருச்சி ரயில் பாரம்பரிய மையத்துக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் செல்ல எண்ணம் இருக்கிறது. சென்சாரைப் பிக்ஸல் பிக்ஸலாக நகர்த்திப் பலமுறை எடுக்கும் கேமரா ஒன்று வாடகைக்குக் கிடைத்தால் சிவப்புச் சேனலின் நான்கில் ஒரு பங்குத் தொல்லையும் தீரும்.

அதற்குமுன் மாயவரம் தகட்டின் வேலையே இன்னும் பாக்கி இருக்கிறது. ஓரங்களில் நீல மினுக்காகப் படர்ந்திருக்கும் வெள்ளிப் படலம், வானத்தின் வலப்பக்கக் கட்டங்களில் ஒளியைச் சிதறடித்திருப்பதால், அவற்றை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். நான்கு மடல் உறைகளுக்கான அமிலமற்ற தாள் வந்து சேர்ந்ததும் தகட்டை உறையிட்டு, படுக்க வைக்காமல் நீண்ட ஓரத்தில் நிறுத்திப் பெட்டியில் அடைத்து, நீலப் பதிவு, சிவப்புப் பதிவு இரண்டின் அச்சுகளோடும் ஸ்டுடியோ குடும்பத்தாரிடம் திருப்பி ஒப்படைக்கிறேன்.