முகப்பருவுக்கு அடாபலீன் பூசிய அனுபவம்

முகப்பரு பதின்ம வயதோடு ஓய்ந்துவிடும் என்று சொல்வார்கள். எனக்கு அது வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் ஓயவில்லை. தாடையோரத்திலும் கன்னத்திலும் மாறி மாறி வந்த பருக்கள் ஆறினாலும், ஆறிய இடத்தில் கபில நிறப் புள்ளியொன்று மாதக் கணக்கில் நின்றது. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கேயுள்ள களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுக்கு வருபவர்களில் இதற்கு வைத்தியம் சொல்லாதவர் குறைவு. உடம்புச் சூடு என்று இளநீர் குடிக்கச் சொன்னவர்களால் தீங்கில்லை. தேசிக்காய்ப் புளியை முகத்தில் தேய்க்கச் சொன்னவர்களிடமிருந்துதான் விலகி நிற்க வேண்டியிருந்தது, ஏனெனில் அந்தப் புளிப்பு தோலை எரிப்பதோடு, பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளத்தையும் கருமையையும் உண்டாக்கக் கூடியது.

இவற்றை விட அச்சமூட்டியது ஒரு மருந்துக்கடையில் நடந்தது. வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு எதுவும் கேட்காமல், “இதப் பூசுங்க தங்கச்சி, ஒரு கிழமையில முகம் பளிச்செண்டு வந்திரும்” என்று ஒரு ரியூப்பை நீட்டினார்கள். பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் பீற்றாமெதசோன் என்று இருந்தது. அது ஸ்டீரொயிட். சிவப்பையும் வீக்கத்தையும் சில நாட்களில் அடக்குவதால் முதலில் முகம் தெளிந்தது போலத் தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, ஸ்டீரொயிட்டினாலேயே புதிய பருக்கள் கிளம்பும், நிறுத்தினால் முன்னரிலும் மோசமாகத் திரும்பும். கல்யாண வீடுகளுக்கு முன் ஊரில் கைமாறும் வெள்ளையாக்கும் கிறீம்களில் பலவற்றின் இரகசியமும் இதுதான் என்பது என் எண்ணம். உள்ளடக்கம் அச்சிடப்படாத எந்தக் கிறீமையும் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

பின்னர் மட்டக்களப்பு நகரில் தோல் வைத்திய நிபுணர் ஒருவரைச் சனல் செய்து, அதாவது முன்பதிவு செய்து, பார்த்தேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் கேட்ட கேள்விகள் எனக்கு வியப்பாக இருந்தன: கர்ப்பமாக இருக்கிறீர்களா, அண்மையில் குழந்தை பெறும் எண்ணம் உண்டா, முகத்துக்கு வேறு என்னென்ன பூசுகிறீர்கள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கிறீர்களா. கடைசிக் கேள்விக்கு எங்கள் பகுதியில் எந்தப் பெண்ணும் இல்லை என்று சொல்ல மாட்டாள். தேங்காயெண்ணெய் நெற்றியிலும் கன்னத்திலும் இறங்கினால் துவாரங்களை அடைக்கும் என்று சொல்லி, எண்ணெயைக் குளிப்பதற்கு முன் மட்டும் வைக்கும்படி கேட்டுக்கொண்டார். காலையில் பென்சொயில் பெரொக்சைட்டு 2.5 சதவீத ஜெல், இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் என்று எழுதித் தந்தார்.

பென்சொயில் பெரொக்சைட்டு 5, 10 சதவீதங்களிலும் கிடைக்கும்போது ஏன் குறைந்ததை எழுதினீர்கள் என்று கேட்டேன். செறிவு கூடக் கூட எரிவும் உலர்வும் கூடுமேயன்றிப் பலன் அதே அளவுக்குக் கூடுவதில்லை என்றார். நுண்ணுயிர்க்கொல்லி (அன்ரிபயோற்றிக்) ஜெல்லைத் தனியாகப் பூசினால் காலப்போக்கில் கிருமிகள் அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும், பெரொக்சைட்டுக்கு அப்படி நேர்வதில்லை என்பதையும் அவரிடமே அறிந்தேன். அடாபலீன் வைற்றமின் ஏ குடும்பத்தைச் சார்ந்த றெட்டினோயிட். மயிர்த்துவாரத்தின் உட்சுவரில் இறந்த கலங்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பாவதைத் தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த அடைப்புத்தான் சில வாரங்களின் பின் பருவாகிறது. ஆகையால் தெரிகின்ற பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதில் பயன் குறைவு. பரு வருகின்ற பகுதி முழுவதற்கும் மெல்லிய படலமாகப் பூச வேண்டும்.

பூசும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் காதுக்குக் கீழே தாடையோரத்தில் சிறிதளவு தடவி மூன்று நாட்கள் பார்த்தேன். முகம் முழுவதற்கும் தொடங்கியபோது ஒன்றுவிட்ட இரவுகளில் மட்டும் பூசினேன். தோல் பழகிய பின்னரே ஒவ்வோர் இரவும். நுரை குறைந்த மென்மையான கழுவியால் முகத்தைக் கழுவி, துடைக்காமல் ஒற்றி, நன்றாக உலரும் வரை இருபது நிமிடமளவு காத்திருப்பேன், ஏனென்றால் ஈரத் தோலில் மருந்து ஆழமாக இறங்கி எரிச்சலைக் கூட்டும். பிறகு ஒரு பட்டாணி அளவு ஜெல். அதைச் சுட்டுவிரல் நுனியில் எடுத்து நெற்றி, இரு கன்னங்கள், நாடி என்று புள்ளி புள்ளியாக வைத்து வெளிப்பக்கமாக இழுத்துவிட வேண்டும். முகம் முழுவதற்கும் இவ்வளவுதானா என்று தோன்றும், இவ்வளவுதான். கண்ணிமை, மூக்கின் ஓரம், உதட்டுக் கடை ஆகியவற்றுக்கு முதலிலேயே சிறிது வாசலின் தொட்டுவைத்தேன். உதட்டுக் கடையில் மருந்து பட்டு வெடித்தால், மறுநாள் மதியம் மிளகாய்த்தூள் போட்ட மீன்கறியுடன் சோறு உண்ணும்போது அது தெரியவரும்.

நான் தொடங்கியது கச்சான் காற்று வீசும் ஆனி மாதம். அந்த வறண்ட காற்றுக்குச் சாதாரணத் தோலே வெடிக்கும். மூக்கின் இருபுறமும் தோல் செதில் செதிலாக உரிந்தது, முகம் இழுத்துப் பிடித்தது, மூன்றாம் வாரமளவில் பருக்கள் முன்னரிலும் கூடின. “என்ன மகள், மருந்து பூசித்தானே இப்பிடி ஆயிற்று, விட்டுப்போடு” என்று அம்மம்மா நாள்தோறும் சொன்னார். தொடக்க வாரங்களில் இப்படி மோசமாகித் தெளிவது வழமை, எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு முன் பலனை எடைபோடக் கூடாது என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் நானும் விட்டிருப்பேன். எரிவு மிகுந்த இரவுகளில் ஜெல்லைத் தவிர்த்து மணமற்ற மொயிஸ்ச்சரைசரை மட்டும் பூசினேன், மற்ற இரவுகளில் ஜெல்லுக்கு முன்னும் பின்னும் அதையே பூசினேன். ஆனால் கண்ணோ உதடோ வீங்கினாலும், உடம்பில் தடிப்பு எழுந்தாலும், மூச்சு முட்டினாலும் அது பழக்கப்படும் எரிவல்ல. உடனே நிறுத்தி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அரிதாயினும் பென்சொயில் பெரொக்சைட்டினால் அப்படி நேரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்திருக்கிறது.

அடாபலீன் பூசும் தோலை வெயில் எளிதில் சுடும், கபில நிறப் புள்ளிகளையும் வெயிலே ஆழப்படுத்தும். எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிறீன் எங்கள் சம்பளத்துக்கு மலிவான பொருளல்ல என்பதால் குடையையும் நிழலையும் கூடவே நம்பினேன். கல்முனை வீதியில் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போகையில் காலை வெயில் வலப்பக்கமாகக் கடற்பக்கத்திலிருந்து அடிக்கும். மாலையில் திரும்புகையில் வாவிப் பக்கத்து வெயிலும் அதே வலப்பக்கத்தில்தான் விழும். இரண்டு வேளையும் இடப்பக்க ஆசனத்தைத் தேடிப் பிடிப்பது இன்றும் என் வழக்கம். கண்ணாடியை இழுத்து மூடினாலும் வெயிலின் ஒரு பகுதி கதிர்கள் ஊடுருவும் என்பதை வலப்பக்கம் உட்காரச் சொல்பவர்களுக்கு விளக்கிச் சலித்துவிட்டேன்.

காலை மருந்தான பென்சொயில் பெரொக்சைட்டுக்கு வேறொரு குணம் உண்டு: பட்ட துணியை வெளிறச் செய்யும். எங்கள் வீட்டு நீலத் துவாயின் ஒரு மூலை செம்மஞ்சளாகிய பிறகு எனக்கென வெள்ளைத் துவாயும் வெள்ளைத் தலையணை உறையும் ஒதுக்கப்பட்டன. வெப்பத்தில் வைத்தால் இந்த மருந்திலிருந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகலாம் என்ற கவலை எழுந்து, 2025 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு சில தயாரிப்புகள் கடைகளிலிருந்து மீளப் பெறப்பட்டன. பரிசோதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை சிக்கலற்றவையே. எனினும் தகரக் கூரையின் கீழுள்ள என் அறை யன்னலோரத்தில் இருந்த ரியூப்பை வீட்டின் குளிர்ந்த உள்ளறை அலுமாரிக்கு மாற்றினேன், காலாவதித் திகதியையும் பார்த்து வைத்தேன்.

மச்சாளின் கல்யாணத்துக்கு முன் அழகு நிலையத்தில் மேலுதட்டுக்கு வக்ஸ் செய்ய வற்புறுத்தினார்கள். றெட்டினோயிட் பூசும் தோல் மேல்படை மெலிந்திருப்பதால் மெழுகோடு தோலும் உரிந்து வரலாம் என்று மறுத்து, நூலால் புருவம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது புதிய பருக்கள் மாதவிடாய்க் காலத்தில் ஒன்றிரண்டு வருவதோடு சரி. புள்ளிகள் மெதுவாக மங்குகின்றன. பரு நின்றதும் மருந்தை விட்டால் அடைப்பு மறுபடி தொடங்கும் என்பதால் அடாபலீனைத் தொடரச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். என் முகத்தைப் பார்த்த அந்த மச்சாள் மிச்சமிருக்கும் ரியூப்பைத் தரும்படி கேட்டார். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகின்றன, குழந்தையை எதிர்பார்க்கிறார். கர்ப்ப காலத்தில் றெட்டினோயிட்டைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லி, ரியூப்புக்குப் பதிலாக வைத்தியரைச் சனல் செய்யும் இலக்கத்தைக் கொடுத்தேன். சற்றே மனத்தாங்கலோடுதான் வாங்கிக்கொண்டார்.