மருத்துவாமலையில் ஒரு நேர்ச்சை

நேர்ச்சை அம்மாவுடையது, கால் என்னுடையது. போன ஐப்பசியில் மகனுக்கு டெங்கு வந்து தட்டணு 18,000-க்கு இறங்கின ராத்திரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே அம்மா சொல்லிவிட்டாள்: "ஆஞ்சநேயா, எனக்க பேரன் எந்திச்சு நடக்கட்டு. அவனுக்க அப்பன் செருப்பு இல்லாம மருத்துவாமல ஏறி ஒனக்கு வெளக்கு போடுவான்." என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு இமயமலைக்குக்கூட சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிள்ளை எழுந்தான், பள்ளிக்கூடம் போனான், பந்து விளையாடி ஜன்னலையும் உடைத்தான். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று பத்து மாதம் இழுத்துவிட்டேன். ஆவணி முதல் ஞாயிறன்று நாகராஜா கோயிலுக்குப் பாலும் மஞ்சள்பொடியும் எடுத்துவைத்துக்கொண்டே அம்மா கேட்டாள். "லே மக்கா, கடனை வச்சுக்கிட்டு நீ எப்படிலே ஒறங்குதே?" அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டேன். ஆவணி ஞாயிறு என்றால் நாகர்கோவில் முழுக்க நாகராஜா கோயில் வரிசையில் நிற்கும், மலையில் கூட்டம் இருக்காது என்று ஒரு கணக்கும் இருந்தது.

கணக்கு தப்பு. விடியற்காலை ஐந்தரைக்குப் பொட்டையடி வந்து சேர்ந்தால் அடிவாரத்தில் அறுபது எழுபது பைக் நிற்கிறது. எவனோ ஒருவன் ரசீதும் இல்லாமல், அடையாளமும் இல்லாமல் வண்டிக்கு இருபது ரூபாய் கேட்டான். நேர்ச்சைக்கு வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று கொடுத்தேன், வயிற்றெரிச்சலோடுதான். எனக்கு முன்னால் போன பையன்கள் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு வைத்துக்கொண்டு ஏறினார்கள். நாராயண குரு பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்த மலை இது. 1888-ல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்வதற்கு முன்னால், பேசுவதற்கு ஆளே இல்லாத காட்டில் அவர் இருந்திருக்கிறார். இப்போது அந்தக் குகைக்குப் போகிற வழியில் சிப்ஸ் கவருக்குக் குரங்குகள் அடித்துக்கொள்கின்றன.

படிக்கட்டு இருக்கிறவரைக்கும் செருப்பில்லாதது தெரியவில்லை. அது முடிந்து பாறையும் சரளைக்கல்லும் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு வளைவில் கல்லிடுக்கில் பச்சையாக ஏதோ மின்னியது. காலை வைக்கப் போனேன்.

"அண்ணாச்சி, அங்க சவுட்டாதீங்க! சில்லாக்கும்!"

மேலே பாறையில் குந்தியிருந்த ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். கையில் தடித்த உறை, பக்கத்தில் சாக்கு. இறங்கி வந்து பீர் பாட்டில் சில்லைப் பெரிசு, சின்னது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கடைசியில் ஈரத்துணியால் பாறையை ஒற்றி எடுத்தான், கண்ணுக்குத் தெரியாத பொடிக்காக. அதற்குப் பிறகு என் காலைப் பார்த்தான்.

"நேர்ச்சையா?"

"ஆமா மக்கா."

"அப்போ நான் முன்னால போறேன். பைய வாங்க."

அவனோடு பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், இரண்டு கல்லூரிப் பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். மாதம் ஒரு ஞாயிறு வருவார்களாம். குப்பை பொறுக்குவது மட்டும் என்றுதான் நினைத்தேன். வாத்தியார் ஒரு சரிவில் கடப்பாரையோடு நின்று, பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல் பதித்துக்கொண்டிருந்தார். "மழத்தண்ணி பாதையிலேயே ஓடிச்சுன்னா மண்ண அரிச்சு, கல்லெல்லாம் எளகிரும். இப்படிச் சரிச்சு வச்சா தண்ணி பக்கத்துல எறங்கிப் போயிரும்" என்றார். இன்னோர் இடத்தில் முள்கொப்பை வெட்டி அடைத்திருந்தார்கள். வளைந்து போகச் சோம்பல்பட்டு ஆட்கள் நேராக ஏறி உண்டாக்கின குறுக்குவழி அது. நாலு பேர் ஏறினால் புல் போகும், ஒரு மழையில் ஓடையாகும், அப்புறம் மேலே இருக்கிற மண்ணும் நிற்காதாம். ஐந்தாறு தடவை இந்த மலை ஏறியிருக்கிறேன், பாதை தானாகவே கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

சாக்குகளில் பாதி தண்ணீர் பாட்டில். மீதி என்ன என்று எட்டிப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். கற்பூரக் கவர், பத்திக் கவர், விளக்கெண்ணெய் பாக்கெட். 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது அடிவாரத்தோடு நின்றுவிட்டது போல. என் தோள்பையில் அகலும் திரியும் ஒரு பாலித்தீன் பையில் சுற்றிக்கிடந்தன. நல்லெண்ணெயும் பாக்கெட்தான். அந்தப் பெண்களில் ஒருத்தி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மேலே போகப் போகக் காற்று. ஆரல்வாய்மொழி காற்றாடிகளைச் சுற்றவைக்கிற காற்று, மனுசனைச் சும்மா விடுமா? வேட்டியைப் பிடிப்பதா, பாறையைப் பிடிப்பதா? அந்தப் பையன் சொன்னபடியே முன்னால் போய்க்கொண்டிருந்தான், பாறையைக் கையால் தடவித் தடவி. சில இடத்தில் குனிந்தான், சில இடத்தில் "இங்க வைங்க" என்று மட்டும் சொன்னான்.

சன்னதிக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் நன்றாக ஏறிவிட்டது. சுசீந்திரத்தில் பதினெட்டு அடிக்கு நிற்கிறவர், சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது துண்டு விழவைத்த இடத்தில் இப்படிச் சின்னதாக இருக்கிறார். எண்ணெய் விட்டுத் திரியைப் போட்டுக் கொளுத்தினேன். அணைந்தது. மறுபடியும் அணைந்தது. ஏழெட்டு தீக்குச்சி போயிற்று. அம்மா முகம், ஆஸ்பத்திரி வராந்தா, சலைன் ஏறின அந்தச் சின்னக் கை எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. பத்து மாதம் இழுத்ததற்குத்தான் இந்தத் தண்டனையோ என்று நெஞ்சு அடைத்தது.

பக்கவாட்டிலிருந்து இரண்டு கைகள் வந்து அகலைச் சுற்றிக் குவிந்தன. உறையைக் கழற்றியிருந்தான். கையெல்லாம் கீறல், பழைய பீர் நாற்றம். "இப்போ கொளுத்துங்க அண்ணாச்சி."

சுடர் நின்றது. அந்தக் கைகளுக்கு நடுவில் சிவப்பாக, ஆடாமல் நின்றது. ராம ராம என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. எதிரில் இருக்கிறவரைக் கும்பிடுவதா, பக்கத்தில் குந்தியிருக்கிறவனைக் கும்பிடுவதா என்று தெரியாமல் கை நடுவிலேயே நின்றுவிட்டது. என் அப்பனே, ஆஞ்சநேயா, பிள்ளையைத் தந்தாய், விளக்கையும் ஏற்றவைத்தாய். எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ, அவன் கை வலித்திருக்கும், எடுக்கவே இல்லை.

தெற்கே கடலில் வள்ளுவர் சிலை, இந்தப் பக்கம் சுசீந்திரம் கோபுரம், தென்னந்தோப்புக்கு நடுவில் குளங்கள், எல்லாம் தெரிந்தது. பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இறங்கும்போது ஒரு சாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் எண்ணெய் பாக்கெட்டும் பாலித்தீன் பையும் அதற்குள்தான்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். "வெளக்கு நின்னு எரிஞ்சுதா?"

சொன்னேன். "கால காட்டு" என்றாள். திண்ணையில் உட்காரவைத்து இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"சனிக்கெழம சுசீந்திரத்துல வடமால சாத்தணும். பாதி வடைய எடுத்து வச்சிரு. அந்தப் பிள்ளேளு அடுத்த தடவ என்னைக்கு வருதுவோன்னு கேட்டியா? நீயும் போ. இந்த மட்டம் செருப்பு போட்டுக்கோ."