ராத்திரித் துணைக்கு ஒரு வரி

போன வருஷம் ஜனவரியில், காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்த ஒரு நாள், எங்கள் துறையில் எம்.எஸ்சி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி சிறு ஆய்வு நிதிக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோத்தகிரிப் பக்கம் சோலைக்கும் தேயிலைக்கும் நடுவே ஓடுகிற ஓடைகளில் தவளைகளைக் கணக்கெடுக்கும் திட்டம். எழுத்து நன்றாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் செலவுக் கணக்கு: பஸ் கட்டணம், டார்ச், பேட்டரி, அட்டை ஏறாத சாக்ஸ், வெப்பமானி, நோட்டு, மொத்தம் 38,400 ரூபாய். வேலையோ நாற்பது ராத்திரி.

"ராத்திரி கூட யாரும்மா வர்றாங்க?"

"அப்பா வருவார் மேம்."

அவள் அப்பா எஸ்டேட்டில் மருந்து அடிக்கிறவர். பகல் முழுக்க முதுகில் டேங்க்கைச் சுமந்துவிட்டு வந்து, ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி மகளோடு ஓடைக்கு இறங்கி நள்ளிரவு வரை நிற்பார், அதற்குக் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. கோத்தகிரியில் ராத்திரித் துணை என்பது ஆடம்பரம் இல்லை. கரடியும் காட்டுமாடும் தேயிலைக்குள்ளேயே நடமாடுகிற ஊர், தனியாகப் போகவே முடியாது. அந்தத் துணை இல்லையென்றால் ஆய்வே இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் அவர் இல்லை.

எனக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது, ஏனென்றால் நானும் இதையேதான் செய்திருக்கிறேன். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கி 2016-ல் ஆய்வில் சேர்ந்தேன். அப்போது உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். 2019-ல் அதை 31,000 ஆக்கினார்கள், 2023 ஜனவரியிலிருந்து 37,000. கேட்கப் பெரிய தொகைதான். எனக்கு முதல் தவணை வர பத்து மாதம் ஆனது, ஒரு கையெழுத்து ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அந்தப் பத்து மாதமும் வீட்டில் கேரட் விற்ற பணத்தில்தான் காட்டுக்குப் போனேன். ஊட்டிப் பக்கம் பாலாடாவில் விடியும் முன்பே கேரட் கழுவும் மெஷினில் மூட்டை ஏற்றிவிட்டு அப்பா கொடுக்கும் காசு அது. எனக்கு வழிகாட்டியாக வந்த இருளர் அண்ணன் ஒருவருக்கு ஒழுங்காகக் கூலி கொடுத்ததே இல்லை. அரிசி கொடுத்தேன், ஒரு பழைய ரெயின்கோட் கொடுத்தேன். எந்த மரத்தில் எந்த மாதம் பழம் இருக்கும் என்று அவர் சொன்னதை வைத்துத்தான் என் இரண்டாம் அத்தியாயமே எழுதினேன். பணம் வந்த பிறகாவது கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கலாம், அதையும் அரைகுறையாகத்தான் செய்தேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

இதில் என்ன தவறு என்பது எனக்குப் புரிந்தது பல வருஷம் கழித்து, ஒரு சிறு நிதிக்கு வந்த விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடச் சொல்லி என்னை அழைத்தபோதுதான். பெரிய நகரத்து ஆய்வு நிறுவனங்களிலிருந்து வந்த பிள்ளைகளின் கணக்கில் கள உதவியாளர் கூலி, ஜீப் வாடகை, தங்குமிடம், காப்பீடு எல்லாம் தனித்தனி வரியாக இருந்தது. சின்ன ஊர்க் கல்லூரிகளிலிருந்து வந்தவற்றில் பஸ் டிக்கெட்டும் ஜெராக்ஸும் மட்டும். குறைவாகக் கேட்டால் சுலபமாகக் கொடுப்பார்கள் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். படிக்கிறவருக்கு அது அப்படித் தெரிவதில்லை. இந்தப் பெண் இந்த வேலையைச் செய்து பார்த்ததே இல்லை போலிருக்கிறது, ராத்திரி எப்படிப் போவாள் என்று யோசிக்கவே இல்லை என்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். அவள்தான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டு ஆட்கள் சும்மா வருவார்கள் என்பதால், அவர்கள் உழைப்பு செலவாகவே அவள் கண்ணில் படவில்லை. கொழுந்து எடைபோடும்போது ஒரு கிலோ குறைந்தால் சண்டை போடுகிற குடும்பங்கள்தான் இவை, கூலிக் கணக்கு தெரியாதவர்கள் இல்லை. படிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் கேட்கக் கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து கணக்கைத் திருப்பி எழுதினோம். அன்றைக்கு ஊரில் கேரட் அறுக்கப் போனால் என்ன கிடைக்குமோ அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, ராத்திரி வேலை என்பதால் கொஞ்சம் கூட்டி, ஒரு ராத்திரிக்கு 800 ரூபாய், நாற்பது ராத்திரிக்கு 32,000. தூரத்து ஓடைகளுக்குப் பத்து நாள் ஜீப், 20,000. முதலுதவி, காப்பீடு, மழை உடுப்பு இரண்டு பேருக்கும், இவை 11,200. மொத்தம் 1,01,600. லட்சம் என்று பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள். "இவ்வளவு கேட்டா தருவாங்களா மேம்?" என்று நாலைந்து தடவை கேட்டாள்.

தேதியும் மாற வேண்டியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை என்றாலே ஜூன் மழை என்று கட்டுரைகளில் படித்துவிட்டு ஜூனில் தொடங்குவதாக எழுதியிருந்தாள். மலையின் மேற்குப் பக்கம் இருக்கிற கூடலூருக்கு அது சரி. கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது, இது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் அச்சில் இருந்ததை நம்பினாள். வனத்துறை அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அக்டோபர்தான் நமக்கும் தோது. பரிந்துரைக் கடிதம், திட்டச் சுருக்கம் பற்றியெல்லாம் சொல்ல அதிகம் இல்லை. கடிதம் எழுதுகிறவருக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். கருவி மட்டும் போதுமென்றால் ஐடியா வைல்ட் போன்ற அமைப்புகள் பணமாக இல்லாமல் பொருளாகவே தருகின்றன, அதற்கும் தனியாக எழுதிப் போட்டோம்.

அப்புறம் ஒரு சிக்கல். கூலி வாங்கப்போவது சொந்த அப்பா. அதை மறைக்கக் கூடாது என்று சொன்னேன். பெயருக்குப் பக்கத்தில் உறவையும் எழுது, இது முடியுமா என்று நிதி தருகிறவர்களுக்கே ஒரு மெயில் போட்டுக் கேள் என்றேன். நாலு நாளில் பதில் வந்தது: குடும்பத்தாருக்குக் கூலி தர முடியாது, ஊரில் வேறு ஒருவரை வையுங்கள், அந்த வரி அப்படியே இருக்கட்டும். நியாயமான பதில்தான். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில் அவர்களுக்கு அடுத்த லைன் வீட்டு அண்ணன், தேயிலை ஃபேக்டரியில் வேலை போய் வீட்டில் இருந்தவர், வருகிறேன் என்றார்.

ஜூனில் பணம் கிடைத்தது, ஒரு ரூபாய் குறைக்காமல். இப்போது அவள் பிஎச்.டி. நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். சொந்தமாக நிதி வாங்கிக் களவேலை முடித்தவள் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்களாம்.

நவம்பரில் ஒரு ராத்திரி நானும் அவர்களோடு போனேன். தூறல் விட்டு, ஓடைக்கரையில் தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன. முன்னால் அந்த அண்ணன், நடுவில் அவள், பின்னால் பழைய எவரெடி டார்ச்சோடு அப்பா. "நீங்க எதுக்குங்க வர்றீங்க, அதான் ஆள் இருக்காரே" என்றேன்.

"அவரு கூலிக்கு வராரு டீச்சர், அது சரிதான். கரடி வந்தா ரெண்டு பேரா இருந்தா நல்லதுங்க."

திரும்பி வந்து லைன் வீட்டு வாசல் லைட்டில் அந்த அண்ணன் வவுச்சரில் கையெழுத்துப் போட்டார். அவள் அப்பா பக்கத்தில் நின்று 800 என்று எழுதியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று படுக்கப் போனார்.