கறவைக் கணக்கில் வராத மாடு

பண்ணை விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் பழக்கப்படுவது கணக்குதான். எத்தனையாவது ஈத்து, வேளைக்கு எவ்வளவு கறவை, சினையா இல்லையா, வைத்தியச் செலவு மாட்டின் விலையைத் தாண்டுமா? மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில் இதையெல்லாம் கேட்காமல் மருந்து எழுதுவது நியாயமில்லை. ஆனால் சில தொழுவங்களில் இந்தக் கேள்விகளைத் தொடங்கும்போதே வீட்டாரின் முகம் மாறிவிடும். கறவை வற்றி வெகுகாலமாகியும் அதே கட்டுத்தறியில் நிற்கும் கிழட்டுப் பசு, தாயை இழந்து புட்டிப்பாலில் வளர்ந்து வீட்டுக்குள் சுதந்திரமாக நடமாடும் ஆடு, பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும் வாத்து. இவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாயோ பூனையோ இறந்தால் ஆறுதல் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். மாடு இறந்தால் வருகிறவர்கள் முதலில் கேட்பது நஷ்டம் எவ்வளவு என்றுதான். வீட்டாரும் தொகையைச் சொல்லிவிட்டு அழுகையை விழுங்கிக்கொள்வார்கள். என் தொழிலில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

வெள்ளச்சி என்ற பசுவை நான் பார்க்கப் போனபோது அது முதுகை வளைத்து, முன்னங்கால்களின் முழங்கை மூட்டுகளை வெளியே தள்ளி நின்றது. சரிவில் இறங்க மறுத்தது. திமிலுக்குப் பின்னால் தோலைக் கிள்ளிப் பிடித்தால் முனகியது. தாடைக்குக் கீழும் நெஞ்சிலும் நீர் கோத்து வீங்கியிருந்தது. கழுத்தின் இரத்தக்குழாய் விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இதயத் துடிப்பு எங்கோ தொலைவில் கேட்டது. அதற்கு மேல் நீர் தளும்பும் ஓசை. இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மாடு தீனியை உடனே நன்றாக மெல்லாது. அவசரமாக விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும். தீனியில் கிடக்கும் கம்பித் துண்டோ ஆணியோ அப்படியே உள்ளே போய், இரண்டாம் இரைப்பையின் தேன்கூட்டு மடிப்புகளில் சிக்கிக்கொள்ளும். அந்த இரைப்பை சுருங்கும் ஒவ்வொரு முறையும் கம்பி முன்னால் நகரும். அதற்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் மட்டுமே. ஆரம்பத்திலேயே தெரிந்தால் வயிற்றைத் திறந்து கம்பியை எடுத்துவிடலாம். இதய உறைக்குள் சீழ் கட்டிய பிறகு பிழைப்பது மிக அரிது.

“ஆபரேஷன் பண்ணி எடுத்துட முடியாதா டாக்டர்?” என்று கேட்டார் அந்த வீட்டுப் பாட்டி. அந்த நிலையில் அறுவை சிகிச்சை அதன் வேதனையைத்தான் கூட்டும் என்றேன். “பார்க்கலாம்”, “ரெண்டு நாள் மருந்து கொடுப்போம்” என்ற சொற்கள் அப்போது நாக்கின் நுனியில் வந்து நிற்கும். அவற்றைச் சொல்லாமல் இருப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்று உறுதியாக நம்புகிறேன்.

ஊசி போட்டு விடுவிப்பது பற்றிப் பேசியபோது மகன் தயங்கினார். பாட்டிதான், “அது படுற பாட்டைப் பார்த்துட்டு நான் சும்மா இருக்கணுமா?” என்று முடிவைச் சொன்னார். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். முதலில் மயக்க மருந்து. அடுத்த மருந்து இறங்கியதும் நினைவு போய்விடும். கண்கள் மூடாமல் திறந்தபடியே இருக்கும். உயிர் போன பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் தெரியலாம், கால் துடிக்கலாம். அது வலியால் அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால், அந்தக் கடைசி அசைவை வேதனை என்று எண்ணி மனிதர்கள் காலமெல்லாம் சுமப்பார்கள். உடலை ஆழமாகப் புதைக்கவும் சொன்னேன். அந்த மருந்து தசையிலேயே தங்கியிருக்கும். தின்னும் நாயையும் பறவையையும் கொன்றுவிடும்.

அந்த வீட்டுப் பையன், வெள்ளச்சி கன்றுக்குட்டியாக இருந்த காலத்திலிருந்து அதன் வயிற்றில் சாய்ந்தே வளர்ந்தவன். மருந்தை ஏற்றுவதற்கு முன் அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதனுடன் இருக்கட்டும் என்று வண்டியருகே போய் நின்றுகொண்டேன். அடுத்த ஊரில் எனக்காக வேறு மாடுகள் காத்திருந்தன, உண்மைதான். இருந்தும், அந்த நேரத்தைக் கொடுப்பதில் சிக்கனம் பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், “ஒரு மாட்டுக்குப் போய் இப்படி அழுறியே தம்பி” என்றார். “அழட்டும் ஐயா, கூடவே வளர்ந்தது” என்றேன். பாட்டியும் அப்போதுதான் அழத் தொடங்கினார்.

வெள்ளச்சி ஈன்ற கிடேரி ஒன்று அதே தொழுவத்தில் நின்றது. புதைப்பதற்கு முன் அதை அவிழ்த்துவிட்டு உடலை முகர விடச் சொன்னேன். மாடுகள் கூட்டாளியைப் பிரிந்தால் கத்தித் தேடும். முகர்ந்து பார்த்தவை தேடுவதைச் சீக்கிரம் நிறுத்துகின்றன என்பது நான் கண்டது. கிடேரியும் இரண்டொரு நாள் தீனியைக் குறைத்துக்கொண்டு, பிறகு மீண்டது.

அடுத்த முறை போனபோது அதன் வாய் வழியாக ஒரு காந்தத்தை விழுங்க வைத்தேன். வழவழப்பான சிறு உருளைதான். இரண்டாம் இரைப்பையிலேயே ஆயுள் முழுவதும் தங்கி, உள்ளே வரும் இரும்புத் துண்டுகளைத் தன்னுடன் ஒட்டவைத்துக்கொள்ளும். சில நாள் கழித்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சோரம் திசைகாட்டியைக் கொண்டுபோனால் முள் திரும்பும். காந்தம் இடத்தில் இருக்கிறது என்று அறிய அதுவே போதும். பையனிடம் திசைகாட்டியைக் கொடுத்துச் செய்யச் சொன்னேன். முள் திரும்பியதும் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு அவனும் அப்பாவும் வேலியோரம் கிடந்த பழைய கம்பித் துண்டுகளைப் பொறுக்கப் போனார்கள்.