15 வருஷ டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெரிய எஸ்யூவி எடுப்பதற்கு முன்

2010, 2011-இல் பதிவான பொலேரோ, ஸ்கார்பியோ, சுமோ, இன்னோவாக்களின் ஆர்சி இப்போது ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருக்கிறது. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்சி 15 வருஷம்தான். எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி இன்னும் ஓட்டலாமா, இல்லை கொடுத்துவிட்டு ஏழு சீட்டில் புதிதாக எடுக்கலாமா என்ற பேச்சு பல வீடுகளில் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆர்சி முடிகிறது என்பதற்காக மட்டும் வண்டியை விற்க வேண்டியதில்லை. பத்து வருஷம் தாண்டிய டீசலுக்குச் சிக்கல் டெல்லி வட்டாரத்தில்தான். தமிழ்நாட்டில் அந்த விதி கிடையாது. படிவம் 25 கொடுத்து, பசுமை வரி கட்டி, ஆர்டிஓவில் வண்டியைக் காட்டினால் இன்னும் 5 வருஷம் கிடைக்கும். காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய்.

வண்டியை வைத்துக்கொள்வதா என்பதை அதன் அடிப்பக்கம் சொல்லும். லிஃப்ட்டில் ஏற்றி, சேஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தாலோ, துரு ஏடு ஏடாக உதிர்ந்தாலோ அங்கே தகடு மெலிந்துவிட்டது. பாடி வந்து உட்காரும் பிராக்கெட்டுகள், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், ஸ்டெப்னிக்கு மேலே உள்ள பகுதி, இந்த மூன்றும்தான் முதலில் அரிக்கும். கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். கிளட்ச், இன்ஜெக்டர், டர்போ எல்லாம் பணம் கொடுத்தால் தீரும் வேலை. சேஸ் அரித்துப்போன வண்டிக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. வெல்டிங் வைத்து இன்னொருவர் தலையில் கட்டுவது தவறும்கூட. அதைப் பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். புது வண்டியின் வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்று மத்திய விதி இருக்கிறது. உங்கள் ஆர்டிஓவில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேஸ் திடமாக இருந்து, என்ஜின் ஆயில் குடிக்காமல் இருந்தால், இன்னும் இரண்டு வருஷம் அதே வண்டியை ஓட்டுவது நல்ல முடிவுதான்.

மாற்றுவது என்று ஆகிவிட்டால் முதலில் யோசிக்க வேண்டியது பிராண்டு அல்ல, உங்கள் ஓட்டம். பழைய டீசல் ஓட்டிய கை மறுபடியும் டீசலைத்தான் தேடும். ஆனால் 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசலும் உங்கள் பழைய பிஎஸ்3 டீசலும் பெயரில் மட்டும்தான் ஒன்று. பழையது கரும்புகையைப் பின்னால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. புதியது அந்தக் கரியைத் தன் சைலன்சர் வழியிலேயே ஒரு ஃபில்டரில் பிடித்து வைத்துக்கொள்கிறது. டிபிஎஃப் என்பது அதுதான். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்கு ஃபில்டர் நன்றாகச் சூடேற வேண்டும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினால் அது தானாகவே நடந்துவிடும். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. அப்போது என்ஜின் கூடுதலாகக் கொஞ்சம் டீசல் தெளித்து, வலுக்கட்டாயமாகச் சூடேற்றப் பார்க்கும். ஐடிலிங் சற்று ஏறும், ஃபேன் சத்தம் கூடும், மைலேஜ் இறங்கும். நடுவில் நீங்கள் வீடு வந்து சாவியை அணைத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது. தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கிறது. தினமும் பள்ளிக்கூடம், கடைவீதி, வீடு என்று மூன்று நான்கு கிலோமீட்டராக ஓடும் வண்டிகளில் இதுவே திரும்பத் திரும்ப நடக்கும். ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதைத்தான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். இதில் அளவு ஏறினால்தான் பயப்பட வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஏறி, டீசல் வாசனையும் அடித்தால், கிலோமீட்டர் ஆகவில்லை என்று காத்திருக்காமல் ஆயிலை மாற்றுங்கள். நீர்த்துப்போன ஆயில் முதலில் டர்போ பேரிங்கைத்தான் சாப்பிடும்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே நெடுஞ்சாலைக்குப் போய், ஒரு கியர் குறைவாக வைத்து, என்ஜினை 2,000 சுற்றுக்கு மேல் பிடித்து, 60 கி.மீ.க்குக் குறையாமல் 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கைக் கண்டும் காணாமல் ஒரு வாரம் ஓட்டினால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொண்டு முடங்கும், பிறகு சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டித்தான் எரிக்க வேண்டும். கரியை எரிக்கலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அதனால்தான் இந்த என்ஜின்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். பழைய வண்டிக்கு வாங்கி ஷெட்டில் வைத்திருக்கும் 15டபிள்யூ-40 கேனை இதில் ஊற்றிவிடாதீர்கள். புது வண்டியின் கையேட்டில் என்ன தர எண் அச்சிட்டிருக்கிறதோ அதே எண் கேனிலும் இருக்க வேண்டும்.

பல பெரிய டீசல்களில் டிஇஎஃப் என்ற திரவத்துக்குத் தனி டேங்க் ஒன்றும் இருக்கும். 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது இதன் வேலை. தீரப்போகும்போது மீட்டர் எச்சரிக்கும், இத்தனை கிலோமீட்டர் பாக்கி என்று கணக்குச் சொல்லும், அதையும் விட்டுவிட்டால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நீண்ட பயணத்துக்குப் போகுமுன் நிரப்பிக்கொள்ளுங்கள். உர யூரியாவைக் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள தாதுக்கள் தெளிப்பானையும் கேட்டலிஸ்டையும் அடைத்துவிடும். டிஇஎஃப் மூடி நீல நிறம். பங்கில் தவறி டீசல் டேங்கில் டிஇஎஃப் ஊற்றப்பட்டால் சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். திருப்பினாலே பம்ப் அதை உறிஞ்சி இன்ஜெக்டர் வரை அனுப்பிவிடலாம். வண்டியைக் கட்டி இழுத்துப் போய் டேங்கைக் காலி செய்வதுதான் வழி.

ஆகவே கணக்கு எளிது. வாரம் ஒருமுறையாவது முப்பது நாற்பது கிலோமீட்டர் ஒரே வீச்சில் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் டீசல் எடுக்கலாம். ஊருக்குள் மட்டும்தான் ஓட்டம் என்றால் பெட்ரோல் எடுங்கள். டர்போ பெட்ரோல் இவ்வளவு எடையை இழுத்துக்கொண்டு நகரத்தில் லிட்டருக்கு எட்டு, ஒன்பதுதான் கொடுக்கும், உண்மை. அந்தச் செலவு மாதாமாதம் தெரிந்தே போகிறது. டிபிஎஃப் செலவு ஒரே நாளில் மொத்தமாக வந்து நிற்கும்.

அடுத்தது டேப்பை எடுங்கள். பொலேரோவின் அகலம் 1,745 மி.மீ. ஃபார்ச்சூனர் 1,855, எக்ஸ்யூவி700 1,890, ஸ்கார்பியோ-என் 1,917, சஃபாரி 1,922. இவை கண்ணாடி சேர்க்காத அளவுகள். எட்டடி கேட் என்பது 2,438 மி.மீ. இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் பக்கத்துக்கு அரை அடிகூட மிஞ்சாது. நேராக வந்தால் நுழையும், பன்னிரண்டு அடித் தெருவிலிருந்து திருப்பி நுழைப்பது பெரும்பாடு. அம்பாஸடர் காலத்தில் கட்டிய போர்ட்டிகோக்களில் வண்டி நிற்கும், கதவைத் திறந்து ஆள் இறங்க இடமிருக்காது. ஓட்டுநர் பக்கம் இரண்டரை அடி வேண்டும். நீளத்தையும் பாருங்கள்: பொலேரோ நான்கு மீட்டருக்குள், இவையெல்லாம் 4.66 முதல் 4.8 மீட்டர் வரை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே நிறுத்துகிறவர்கள் டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் நிறுத்தி, நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து பார்த்த பிறகு புக்கிங் பணம் கொடுத்தால் போதும். அதே நாளில் வீட்டிலுள்ள பெரியவர்களையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். புடவையில் ஏறும் பாட்டிக்கு ஃபுட்போர்டும் கைப்பிடியும் எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம், சன்ரூஃப் அல்ல. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு பைக்கு மேல் வைக்க இடம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பக்கவாட்டுக் கர்ட்டன் ஏர்பேக் மூன்றாவது வரிசை வரை நீள்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகள் பெரும்பாலும் அங்கேதான் உட்காருவார்கள்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம்; அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 50. எனவே பழைய விமர்சனங்களில் பார்த்த விலையை மனதில் வைத்துப் பேரம் பேசாதீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். இந்த வரம்பைத் தாண்டினால் மிஞ்சும் தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் புது வீதம் விழும். 19.90 லட்சம் வண்டிக்கு வரி 3,58,200 ரூபாய், 20.10 லட்சம் வண்டிக்கு 4,02,000. விலையில் 20,000 வித்தியாசம், வரியில் 43,800. வேரியன்ட் தேர்வு 20 லட்சத்தை ஒட்டி வந்தால் இதைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். பில்லில் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) என்று சேர்ப்பார்கள், 22 லட்சத்துக்கு 22,000. அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் உங்கள் பான் எண்ணில் வந்து நிற்கும், கழித்துக்கொள்ளலாம். பலர் அதை மறந்தே போகிறார்கள்.

இன்ஷூரன்ஸில் பெரும்பாலானோர் விட்டுவிடும் பணம் நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி). அது வண்டிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் 50 சதவீதம். பழைய வண்டியை விற்ற ஆதாரத்தைக் கொடுத்து, பழைய கம்பெனியிடம் என்சிபி கடிதம் வாங்கினால் 3 வருஷம் செல்லும். புது வண்டியின் ஓடி பிரீமியம் (சொந்த வண்டிச் சேதத்துக்கான பங்கு) 60,000 என்றால் அதில் 30,000 குறையும். ஒரே போனஸை ஒரே சமயத்தில் இரண்டு வண்டிக்குப் போட முடியாது, ஆகையால் பழையதை விற்றுக் கடிதம் வாங்கிய பிறகு புதியதற்கு பாலிசி போடுவதுதான் ஒழுங்கு. சென்னை போன்ற தண்ணீர் நிற்கும் ஊரில் இருப்பவர்கள் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனைத் தவிர்க்கவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தில் நின்ற கார்கள் ஏராளம். நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து, கனெக்டிங் ராட் வளைந்தால் சாதாரண பாலிசி அதைத் தராது. எஸ்யூவி உயரம் என்ற தைரியத்தில் தண்ணீரில் இறக்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

டெலிவரிக்கு முந்தைய சோதனையைப் பில் போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பதிவு எண் விழுந்த பிறகு குறை கண்டுபிடித்துப் பயனில்லை. பகல் வெளிச்சத்தில், யார்டிலேயே, வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு பாருங்கள். தகட்டில் உற்பத்தி மாதம் இருக்கும். டயரின் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3525 என்றால் 2025-இன் 35-ஆவது வாரம். ஐந்து டயரும் வண்டி தயாரான மாதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பானட், ஃபெண்டர், கதவுக் கீல் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது என்று பொருள். ஏன் என்று கேளுங்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரே கம்பெனி முத்திரை இருக்கிறதா பாருங்கள். பேட்டரி என்ஜின் அணைந்த நிலையில் 12.5 வோல்ட் காட்ட வேண்டும். யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இதுதான் முதலில் படுக்கும். நான்கு சக்கர இழுவை இருந்தால் லோ கியர் விழுகிறதா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா, பின் ஏசி, இரண்டு சாவி, ஜாக்கி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சேஸ் எண்ணைத் தகட்டிலிருந்து நீங்களே எழுதிக்கொண்டு, பில்லிலும் தயாரிப்பாளர் தரும் படிவம் 22-லும் அதே எண்தானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். டிஸ்கவுன்ட் பேச்சு சூடாகும்போது இந்த எண் சத்தமில்லாமல் மாறிவிடும் இடங்கள் உண்டு. டயரில் காற்று யார்டில் கூடுதலாக அடைத்திருப்பார்கள், கதவோரத் தகட்டில் உள்ள அளவுக்குக் குறைத்த பிறகு வீட்டுக்கு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே சஸ்பென்ஷன் கல் மாதிரி இருக்கிறது என்று தோன்றும்.

பழைய வண்டியின் விஷயம் இன்னும் முடியவில்லை. எக்ஸ்சேஞ்சில் விடுகிறவர்கள் சாவியைக் கொடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், கை மாறி எத்தனை பேரிடம் போயிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வருவது அதனால்தான் ஆபத்து. படிவம் 29-ஐ நிரப்பி, தேதி போட்டு, 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவர் கடமை. படிவம் 30 வாங்குபவருடையது. லோன் எப்போதோ முடிந்திருந்தாலும் ஆர்சியில் பேங்க் பெயர் இருந்தால் படிவம் 35-உம் பேங்க் என்ஓசியும் கொடுத்து முதலில் ஹைப்போ (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்யுங்கள். அது இல்லாமல் பெயர் மாறாது. டீலரிடம் விடுவதென்றால் அவரிடம் பழைய வண்டி வியாபாரத்துக்கான ஆர்டிஓ அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி அப்படிப்பட்ட டீலரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் ஆன்லைனில் பதிந்தால், அன்றிலிருந்து பொறுப்பு அவருடையது. ஃபாஸ்டேகை அன்றே மூடிவிடுங்கள், கண்ணாடியிலிருந்து கிழித்தால் மட்டும் போதாது, வழங்கிய பேங்கில் கணக்கையே மூட வேண்டும். ஒப்படைத்த தேதியும் நேரமும் கிலோமீட்டரும் எழுதிக் கையெழுத்து வாங்கிய ஒரு தாளை வைத்துக்கொண்டு, பரிவாஹன் தளத்தில் பழைய எண்ணைப் போட்டு வாரம் ஒருமுறை பார்த்துவாருங்கள், அங்கே வேறு பெயர் வரும்வரை.