மூன்று டிஎன்எஸ் சர்வர் இருந்தும் சுமை ஒன்றின் தலையில்

டிஎன்எஸ் சர்வர் என்பது இணையப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்வது. எந்த சர்வரைக் கேட்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் மூன்று நேம்சர்வர் (டிஎன்எஸ் சர்வர்) எழுதிவிட்டால் சுமை பிரிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பெயர்களைத் தேடும் லினக்ஸ் நிரல் நூலகமான ஜிலிப்சி முதல் வரியில் உள்ளதைத்தான் கேட்கும். அது 5 விநாடி வாய் திறக்காவிட்டால்தான் அடுத்ததற்குப் போகும். அதே கோப்பில் ‘ரொட்டேட்’ (சர்வர்களை முறை மாற்றிக் கேட்கும் அமைப்பு) போட்டால் சுமை பிரியும். ஆனால் ஒரு சர்வர் விழுந்தால், அதன் முறை வரும் தேடலெல்லாம் தொங்கும்.

அதனால் மூன்று ரிசால்வருக்கும் (பெயருக்கு விடை தேடித் தரும் அந்த டிஎன்எஸ் சர்வர்கள்) முன்னால், கேள்விகளைப் பிரித்து அனுப்பும் மென்பொருளான டிஎன்எஸ்டிஸ்ட்டை வைத்தோம். பதில் பாக்கி எந்த சர்வரில் குறைவோ அதற்கு அனுப்புவதுதான் அதன் இயல்பான கொள்கை. அது நன்றாகவே ஓடும், ஆனால் ஒரே பெயரை மூன்று சர்வரும் தனித்தனியே தேடிக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைக்க வேண்டியிருக்கும். ‘சிஹாஷ்ட்’ கொள்கைக்கு மாற்றினால் ஒரு பெயர் எப்போதும் ஒரே சர்வருக்குப் போகும். ஒன்று விழுந்தால் அதன் பெயர்கள் மட்டும் இடம் மாறும்.

இதில் அதிக நேரம் தின்றது, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் உயிர்ச்சோதனைதான். டிஎன்எஸ்டிஸ்ட் ஒவ்வொரு ரிசால்வரிடமும் விநாடிக்கு ஒரு முறை ரூட் சர்வர் (டிஎன்எஸ்ஸின் உச்சியில் உள்ள சர்வர்) ஒன்றின் முகவரியைக் கேட்டுப் பார்க்கும். வெளி இணைப்பு அறுந்த ரிசால்வரும் அதற்குக் கேஷிலிருந்தே பதில் சொல்லிவிடும்! ‘மறுக்கப்பட்டது’ என்று பதில் வந்தால்கூட அந்த ரிசால்வர் உயிரோடு இருப்பதாகவே டிஎன்எஸ்டிஸ்ட் கணக்கில் எடுக்கும். எனவே அத்தகைய பதிலைத் தோல்வியாகக் கொள்ளும் ‘மஸ்ட்ரிசால்வ்’ அமைப்பை இயக்கி, டிடிஎல் (கேஷில் இருக்கக்கூடிய நேரம்) 5 விநாடி உள்ள சொந்தப் பெயர் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தோம். அந்தப் பெயரின் மண்டலமே (அதன் பதிவுகளை வைத்திருக்கும் டிஎன்எஸ் பகுதி) படுத்தால் மூன்று சர்வரும் செத்ததாகிவிடும். ஆகவே அதைக் குறைந்தது இரண்டு இடங்களில் வைத்திருக்க வேண்டும். ஒரே தோல்வியில் சர்வரை விலக்காமல் இருக்க, தோல்வி வரம்பை 1-லிருந்து 3 ஆக்குங்கள்.

அடுத்த தொல்லை இன்னும் நுட்பமானது. பின்னால் உள்ள ரிசால்வருக்கு எல்லாக் கேள்வியும் டிஎன்எஸ்டிஸ்ட்டின் ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். அங்கே முகவரி வாரியாக வேகக் கட்டுப்பாடு இருந்தால் நெரிசல் நேரத்தில் சோதனைக் கேள்விகளும் கைவிடப்படும், நல்ல சர்வர் விலக்கப்படும், அதன் சுமை மற்ற இரண்டின் மீது விழுந்து அவையும் சாயும். அந்த முகவரிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

டிஎன்எஸ்டிஸ்ட்டும், விழுந்தால் எல்லாமே நின்றுவிடும் ஒற்றைப் புள்ளி ஆகிவிடக் கூடாதே! இரண்டு கணினிகளில் ஓட்டி, கீப்அலைவ்டி என்ற மென்பொருள் மூலம் ஒரு மிதக்கும் முகவரி (ஒரு கணினி விழுந்தால் மற்றதற்கு மாறும் ஐபி முகவரி) கொடுக்கலாம். அந்த முகவரி கையில் இல்லாத கணினியிலும் டிஎன்எஸ்டிஸ்ட் தொடங்க, கெர்னலில் ‘ஐபி நான்லோக்கல் பைண்ட்’ மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டை யூடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளுக்கும் திறங்கள். பெரிய பதில்கள் டிசிபியில்தான் வரும்.