டி.என்.இ.ஏ. கலந்தாய்வு: சான்றிதழ் வாங்குவதிலிருந்து சாய்ஸ் லிஸ்ட் வரை

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் எல்லார் வீட்டிலும் எந்தக் காலேஜ் என்ற பேச்சுதான் ஓடும். பொறியியல் என்று முடிவெடுத்துவிட்ட வீட்டில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சான்றிதழெல்லாம் கையில் இருக்கிறதா? ஆண்டுதோறும் விண்ணப்பம் நிரப்ப உதவும்போது பார்ப்பது இதுதான். மதிப்பெண் குறைந்து சீட் போனவர்களோடு, தேவையான காகிதம் நேரத்துக்கு வராமல் சலுகையை இழந்தவர்களும், சாய்ஸ் லிஸ்ட்டை (விரும்பும் கல்லூரி, பிரிவுகளின் வரிசையை) தப்பாக அடுக்கியவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்தான் இருக்கின்றன.

2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) பதிவு மே முதல் வாரத்தில் தொடங்கியது. அதே நேரத்தில் ஊரே இ-சேவை மையத்தில் நிற்கும். எனவே சான்றிதழ் வேலையை பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். மாணவர் படிக்கட்டும், பெற்றோர் அலையட்டும்.

இ-சேவையில் முதலில் கேட்பது கேன் எண், அதாவது குடிமக்கள் அணுகல் எண். ஆதாரை வைத்து ஒருமுறை பதிந்தால் போதும், எல்லாச் சான்றிதழுக்கும் அதே எண்தான். ஓடிபி போகும் கைபேசி கையில் இருக்க வேண்டும். பழைய எண்ணை ஆதாரில் கொடுத்துவிட்டு சிம்மைத் தொலைத்தவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவை வருவாய்த் துறை வழியாக வருபவை. ஒன்றுக்கு 60 ரூபாய் சேவைக் கட்டணம். விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போய், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், பிறகு துணைத் தாசில்தார் அல்லது தாசில்தார் என்று நகரும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் மட்டும் கோட்டாட்சியர் அளவுக்குப் போவதால் கூடுதல் நாள் ஆகும். அதை பிளஸ் ஒன் விடுமுறையிலேயே போட்டுவிடுவது உத்தமம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ்தான் அதிகம் திரும்பி வருவது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும்; தாத்தா பாட்டி வரை விசாரிப்பார்கள். அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தாலும், இன்னும் படித்துக்கொண்டே இதற்கான கட்டணச் சலுகையைப் பெற்று வந்தாலும், தம்பிக்குக் கிடையாது. பெற்றோர், உடன்பிறந்தோரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகல்களைச் சேர்க்காமல் விட்டால் வி.ஏ.ஓ. மேசையிலேயே விண்ணப்பம் தூங்கும். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர் என்றால் உறுதிமொழியில் அதைத் தெளிவாக எழுதுங்கள். சான்றிதழ் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. டி.என்.இ.ஏ. பதிவில் இதனுடன் மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் ஏற்ற வேண்டும். சான்றிதழை ஏற்றிவிட்டு இதை மறப்பவர்கள் உண்டு.

இனி பெயர்ப் பொருத்தம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருக்கும். இனிஷியல் இடம் மாறியதற்காக யாரையும் நிராகரிப்பதில்லை. ஆனால் எழுத்தே மாறியிருந்தால், உதாரணமாக ஒன்றில் 'கார்த்திக்', இன்னொன்றில் 'கார்த்திகேயன்' என்றிருந்தால், சரிபார்ப்பில் கேள்வி வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதையே அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் டிஜிட்டலாக மாற்றிக்கொள்வதும் நல்லது.

இருப்பிடச் சான்றிதழ் எல்லாருக்கும் தேவையில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு அது வேண்டாம். இடையில் ஓராண்டு பெங்களூரிலோ திருப்பதியிலோ படித்திருந்தால் வாங்கியாக வேண்டும். வேறு மாநிலத்தில் கொடுத்த சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது; பொதுப்பிரிவில்தான் சேர்ப்பார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கு 2021இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆண்டுக்கு ஆண்டு இந்தக் குழப்பம் வருகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்ற விவரத்தையும், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறைப் பதிவேட்டில் உள்ள எண்ணையும் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எமிஸில் ஓராண்டு விடுபட்டிருந்தால் பள்ளியில்தான் திருத்த முடியும். கோடை விடுமுறையில் அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம்.

பதிவுக் கட்டணம் பொது, பி.சி., எம்.பி.சி. பிரிவுகளுக்கு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிரிவுகளுக்கு 250. பதிவில் கொடுக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் செப்டம்பர் வரை உயிரோடு இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிந்துவிட்டு, பிறகு பாஸ்வேர்டுக்கு அவர் பின்னாலேயே அலைவது பழகிப்போன காட்சி. சொந்தமாக ஒரு மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள். வீட்டில் இணைய வசதி இல்லையென்றால் மாவட்டந்தோறும் இருக்கும் டி.எஃப்.சி. என்ற உதவி மையத்துக்குப் போகலாம். அங்கே காசு கேட்க மாட்டார்கள். ஏற்றிய சான்றிதழ்களை அந்த மையத்தில்தான் ஆன்லைனில் சரிபார்ப்பார்கள். பிழை இருந்தால் செய்தி வரும். ரேங்க் லிஸ்ட் வருவதற்கு முன் உங்கள் கணக்கைத் திறந்து, ஒவ்வொரு சான்றிதழும் ஏற்கப்பட்டதா என்று நீங்களே பாருங்கள். முதல் பட்டதாரிக்கு 'ஆம்' என்று டிக் செய்தது சரிபார்ப்பில் 'இல்லை' ஆகியிருந்தால் அதைக் கவனிக்க வேண்டிய நேரம் அதுதான்.

கட்-ஆஃப் கணக்கு எளிது. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் தலா ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 87, வேதியியல் 90 என்றால் 92 + 43.5 + 45 = 180.5. இருவர் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். பிறந்த தேதி வரை எல்லாம் சமமாக இருந்தால்தான் ரேண்டம் எண்ணுக்கு வேலை. அந்தப் பத்து இலக்க எண் வெளியாகும் நாளில் தொலைக்காட்சிகள் போடும் பரபரப்புக்கு அவசியமே இல்லை.

சென்ற ஆண்டு கட்-ஆஃபை வைத்து இந்த ஆண்டைக் கணிப்பது பெரும்பாலும் ஏமாற்றும். கணிதத் தாள் எளிதாக வந்தால் எல்லாருக்கும் மதிப்பெண் ஏறும். அதே 185க்குச் சென்ற ஆண்டு கிடைத்த கல்லூரி இந்த ஆண்டு கிடைக்காது. ரேங்க்கை வைத்துப் பாருங்கள். உங்கள் பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டையும் எடுத்துக்கொண்டு, முந்தைய ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு உங்கள் சமூகத்துக்கு எந்த ரேங்க்கில் மூடியது என்று தேடுங்கள். அதுவும் துல்லியமாக இருக்காது. கம்ப்யூட்டர் சயின்ஸ் சார்ந்த பிரிவுகளில் இடங்கள் கூடக்கூட மற்றப் பிரிவுகளின் கணக்கும் மாறுகிறது. ஆனாலும் கட்-ஆஃபைவிட இது நம்பகமானது.

இனி சாய்ஸ் லிஸ்ட். இங்கேதான் நிதானம் வேண்டும். 2018இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறிய பிறகு, திரையில் காலியிடம் பார்த்து அந்த இடத்திலேயே தேர்வு செய்யும் முறை போய்விட்டது. இப்போது வரிசையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது முதல் சாய்ஸைப் பார்க்கும். பொதுப்பிரிவிலோ உங்கள் சமூக ஒதுக்கீட்டிலோ இடம் இருந்தால் கொடுத்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது சாய்ஸ், பிறகு மூன்றாவது. கிடைத்த இடத்தோடு நின்றுவிடும், அதற்குக் கீழே உள்ளதைப் பார்க்கவே பார்க்காது.

இதிலிருந்து புரிய வேண்டியது இரண்டு. கிடைக்காது என்று தோன்றுவதை மேலே வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. இடம் இல்லாவிட்டால் கணினி அடுத்ததற்குப் போகும், அவ்வளவே. கிடைத்துவிடும் என்று நினைப்பதை 'பாதுகாப்புக்கு' மேலே வைத்தால்தான் நஷ்டம்: அது கிடைத்துவிடும், கீழே இருக்கும் நல்லது எட்டாமல் போய்விடும். ஆக, வரிசை ஆசைப்படி இருக்க வேண்டும்; எட்டும் எட்டாது என்ற கணக்கெல்லாம் லிஸ்ட் எவ்வளவு நீளம் போக வேண்டும் என்பதற்கு மட்டும்தான். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். நடு ரேங்க்கில் இருப்பவர்கள் நூறு கொடுத்தாலும் மிகையில்லை. பத்தோடு நிறுத்திவிட்டு அந்த ரவுண்டில் (ரேங்க் வாரியாக நடக்கும் கட்டத்தில்) வெறுங்கையோடு நிற்பவர்களும் உண்டு.

லிஸ்ட்டைத் தாளில் எழுதுங்கள், கல்லூரி எண்ணோடு. பெயரை மட்டும் நம்பக் கூடாது. கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 2006, பி.எஸ்.ஜி. ஐடெக் 2377. இரண்டும் வேறு வளாகம், வேறு கட்-ஆஃப். அரசு தொழில்நுட்பக் கல்லூரி 2005, கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி (சி.ஐ.டி.) 2007, மதுரை தியாகராசர் 5008. பிரிவுக் குறியீட்டிலும் இதே கவனம் தேவை: கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே சி.எஸ். என்பது கம்ப்யூட்டர் சயின்ஸ், சி.எம். என்பது அதே படிப்பின் சுயநிதிப் பிரிவு. எஸ்.எஸ். (சுயநிதி) என்று அடைப்பில் இருந்தால் கட்டணம் வேறு. தெரிந்தே வைக்கலாம், தெரியாமல் வைக்கக் கூடாது. கல்லூரியா பிரிவா என்ற பழைய சண்டையையும் தாளிலேயே முடித்துவிடுங்கள். எந்தப் பிரிவு படிக்கவே மாட்டோமோ அதை அடித்துவிட்டு மிச்சத்தை அடுக்கினால் பாதிக் குழப்பம் தீரும். பிறகு ஒருவர் வாசிக்க, ஒருவர் தளத்தில் ஏற்றுங்கள். கடைசி நாள் மாலை வரை காத்திருக்க வேண்டாம். சேமித்த லிஸ்ட்டைப் பி.டி.எஃப். எடுத்துத் தாளோடு ஒப்பிடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்லக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அந்த நாள்களில் திருமணம், திருவிழா என்று நெட்வொர்க் இல்லாத ஊருக்குப் போய்விட வேண்டாம். எந்த விருப்பத்தையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' கொடுத்தால் இதுவே போதும் என்று பொருள்; குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டிச் சேர வேண்டும். 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' என்றால் இந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, லிஸ்ட்டில் இதற்கு மேலே உள்ளவற்றில் ஏதாவது காலியானால் அதற்குப் போகிறேன் என்று பொருள். இதற்கு டி.எஃப்.சி.யில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கையில் இருக்கும் இடமும் போகும். மேலே இடம் கிடைத்துவிட்டால் பழையது தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும். "முதலில் வந்ததே நல்லா இருந்தது" என்று திரும்ப முடியாது. ஆகவே அப்வர்ட் கொடுப்பதற்கு முன் லிஸ்ட்டில் மேலே இருப்பது ஒவ்வொன்றும் இதைவிட நிஜமாகவே வேண்டியதுதானா என்று பாருங்கள். ஊர் தூரம், விடுதிச் செலவு எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வரும். 'டிக்ளைன்' என்று தொடங்கும் விருப்பங்கள் எல்லாமே கையில் இருப்பதை விடுவதுதான். அடுத்த ரவுண்டில் இதைவிட நல்லது வரும் என்ற நம்பிக்கையில் டிக்ளைன் கொடுப்பதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முன் ரவுண்டுக்காரர்கள் எடுத்துப் போன மிச்சம்தான் அங்கே இருக்கும்.

தனியார் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 2017-18இலிருந்து 50,000 ரூபாய்; என்.பி.ஏ. தரச்சான்று பெற்ற பிரிவு என்றால் 55,000. முதல் பட்டதாரிக்கு இதில் சலுகை உண்டு. பேருந்து, விடுதி, சீருடை தனி. பயிற்சிக் கட்டணம் என்று வேறு பெயர்களில் கேட்கும் தொகைக்கு ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் தொகை குறையும் இடங்களும் இருக்கின்றன. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதற்கான வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் பழையதை நீட்ட முடியாது.

பொறியியல் கிடைக்குமோ என்னவோ என்று ஜூனிலேயே கலைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து வைப்பது வழக்கம். தவறில்லை. ஆனால் அங்கே மாற்றுச் சான்றிதழின் அசலைக் கொடுத்துவிட்டால் பொறியியலில் சேரும் நாளில் அதைத் திரும்ப வாங்க ஓட வேண்டியிருக்கும். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்து, சான்றொப்பம் பெற்ற நகல்களும் எடுத்து வையுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்திருக்கிறது. தர மறுத்தால் அந்த அறிவிப்பைக் குறிப்பிட்டு கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.